இரண்டு வால்யூமா, பிளெண்டா?

"அண்ணே, இரண்டு வால்யூமையும் எடுத்துட்டு பிளெண்ட் போடலாமா?" தமிழ்நாடு-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சர்ச் கொயரில் (பாடகர் குழுவில்) பேஸ் கிதார் வாசிக்கிற தம்பிகள் இதைத்தான் கேட்கிறார்கள். பேஸில் இருக்கிற இரண்டு பிக்கப்புக்கும் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) தனித்தனிக் குமிழ் என்றால் அது இரண்டு வால்யூம். இரண்டையும் ஒரே குமிழில் கலந்தால் அது பிளெண்ட்.

செலவு:
இரண்டு வால்யூம் – சாதாரண 250கே (250 கிலோஓம்) பாட், அதாவது குமிழுக்கு அடியிலுள்ள மாறுமின்தடை, இரண்டு போதும்.
பிளெண்ட் – எம்என் வகை இரட்டை பாட், கூடவே மொத்தச் சத்தத்துக்கு ஒரு மாஸ்டர் வால்யூம். கடைக்காரர் ஸ்டீரியோ பாட் (சாதாரண இரட்டை பாட்) நீட்டினால் வாங்காதீர்கள். நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் குறைந்துவிடும். எம்என்னில் இரண்டும் முழுசாக வரும்.

கை வசதி:
இரண்டு வால்யூம் – மொத்தச் சத்தத்தைக் குறைக்க இரண்டு குமிழையும் திருப்ப வேண்டும். சமமாகத் திருப்பாவிட்டால் தொனியே மாறிவிடும்.
பிளெண்ட் – நடுவில் 'டிக்' என்று ஒரு பள்ளம். இருட்டு மேடையிலும் விரலுக்குத் தெரியும். எதிரெதிர் சுற்றுள்ள பிக்கப் ஜோடி என்றால் அங்கேதான் இரைச்சல் அடங்கும்.

ஒலி:
பிளெண்டோடு மாஸ்டரும் சேர்ந்தால் மேல்ஸ்தாயி கொஞ்சம் மங்கும். பிளெண்டை 500கே ஆக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

வயரிங்:
இரண்டு வால்யூமில் பிக்கப் வயர் பாட் அடியிலுள்ள மூன்று கால்களில் நடுக்காலுக்குப் போக வேண்டும். நான் ஒருமுறை ஓரக்காலில் பற்றவைத்துவிட்டேன். பாடல் நடுவே ஒரு வால்யூமைப் பூஜ்யமாக்கினேன், பேஸே ஊமையாகிவிட்டது!

வீட்டில் தொனி தேடுகிறவருக்கு இரண்டு வால்யூம். பாட்டுக்குப் பாட்டு சத்தம் மாற்றுகிற கொயர்க்காரருக்கு பிளெண்ட். என் பேஸில் இப்போது இருப்பதும் அதுதான்.