பி.எஸ்சி நர்சிங்: எந்த வாசல், எந்த வார்டு?

"தமிழ்நாட்டில் நர்சிங் சேர நீட் வேண்டாம்" என்று பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ரொம்ப நம்பிக்கையாகச் சொல்வார்கள். பாதி சரி. மாநில அரசின் கலந்தாய்வு வழியாகப் போனால் நீட் வேண்டாம். இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து ரேங்க் போட்டு இடம் கொடுக்கிறார்கள். ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் பி.எஸ்சி நர்சிங் சேர நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். ராணுவ நர்சிங் கல்லூரிகளும் கேட்கின்றன. எய்ம்ஸ் தனியாக ஒரு தேர்வு நடத்துகிறது, வேலூர் சி.எம்.சி. இன்னொன்று. படிப்பு எல்லா இடத்திலும் நாலு வருடம்தான், பாடமும் ஏறக்குறைய ஒன்றுதான். உள்ளே போகிற வழிதான் வேறு வேறு.

நான் நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் மே மாதம் முழுக்கச் சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் என்று போன் வந்துகொண்டே இருக்கும். எல்லோரும் கேட்பது "எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?" என்றுதான். காலேஜ் பெயரையும் கட்டடத்தையும் நான் கடைசியில்தான் பார்ப்பேன். இந்தப் பிள்ளை நாலு வருடமும் எந்த ஆஸ்பத்திரி வார்டில் நிற்கப்போகிறாள், அங்கே படுக்கையில் நோயாளி இருப்பாரா என்பதுதான் என் முதல் கேள்வி. கீழே சொல்வதெல்லாம் அந்தக் கண்ணோடு பார்த்ததுதான்.

தேதிகள்தான் முதல் வடிகட்டி

நீட் விண்ணப்பம் பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே வந்துவிடும். எய்ம்ஸுக்கும் ரிசல்ட் வரும்வரை காத்திருந்து பதிவு செய்ய முடியாது. ரிசல்ட் பார்த்துவிட்டு யோசிக்கலாம் என்று இருப்பவர்களுக்கு ஜிப்மர், எய்ம்ஸ், ராணுவம் மூன்றும் அப்போதே கையை விட்டுப் போயிருக்கும். மதிப்பெண் பற்றாமல் வாய்ப்பை இழப்பவர்களைவிட, விண்ணப்பம் போடாமலே இழப்பவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றும்.

மாநிலக் கலந்தாய்வில் சிக்கல் வேறு மாதிரி. விண்ணப்பம் ரிசல்ட்டுக்குப் பிறகு வரும். சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவத் தேர்வுக் குழுதான் நடத்துகிறது. இடம் கையில் கிடைக்கப் பெரும்பாலும் மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் தனியார் கல்லூரிகளிலிருந்து போன் வரும். "சீட் நிரம்பிக்கிட்டு இருக்கு, அட்வான்ஸ் கட்டிடுங்க." பயந்துபோய்ப் பணத்தோடு அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் கொடுத்துவிடுவார்கள். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருத்தி அப்படித்தான் கொடுத்தாள். அரசு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் வந்தபோது, நாலு வருடக் கட்டணத்தையும் கட்டினால்தான் சான்றிதழ் தருவோம் என்று அந்தக் கல்லூரி பிடிவாதம் பிடித்தது. சேர்க்கையை ரத்து செய்யும் மாணவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும், அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும் 2018இலேயே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு நடை நடந்த பிறகுதான் சான்றிதழ் வந்தது. சரிபார்க்க அசலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். கலந்தாய்வு முடியும்வரை அசல் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

அரசுக் கல்லூரியா, கலந்தாய்வில் வரும் தனியார் இடமா?

பெரும்பாலான வீடுகளில் உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். பி.எஸ்சி நர்சிங் நடத்தும் அரசுக் கல்லூரிகள் சென்னை, மதுரை, செங்கல்பட்டு, சேலம் என்று விரல் விட்டு எண்ணும் அளவுக்கே இருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அதனால் ரேங்க் பட்டியலில் மேலே இருப்பவர்களுக்கே அவை முடிந்துவிடும். அடுத்து வருவது தனியார் கல்லூரிகள் அரசுக்குக் கொடுக்கும் இடங்கள். சிறுபான்மை அல்லாத கல்லூரிகள் 65 சதவீதமும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதமும் கொடுக்க வேண்டும். மிச்சம்தான் மேனேஜ்மென்ட் கோட்டா.

சென்னை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரி என்றால் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வார்டு. மதுரை என்றால் ராஜாஜி மருத்துவமனை. பாம்புக்கடி, விஷம் குடித்தவர், தீக்காயம், சாலை விபத்து என்று மூன்றாம் வருடத்துக்குள் பார்க்காதது எதுவும் இருக்காது. ரத்த அழுத்தம் பார்க்கப் பழக ஆள் தேட வேண்டியதில்லை. வார்டின் ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்கு வருவதற்குள் கை பழகிவிடும். ஆனால் அங்கே வார்டு சிஸ்டருக்கு உங்களைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்காது. தானாகப் போய்க் கேட்கிற பிள்ளை தேறும். கூச்சப்பட்டு ஓரமாக நிற்பவள் நாலு வருடமும் ஓரமாகவே நின்றுவிடலாம்.

பெரிய தனியார் மருத்துவமனையோடு இருக்கும் கல்லூரியில் கருவிகள் புதுசு. பதிவேடு எழுதுவது, தொற்றுத் தடுப்பு எல்லாம் ஒழுங்காக நடக்கும். டியூட்டர் பக்கத்திலேயே இருப்பார். குறை என்னவென்றால், காசு கட்டிப் படுத்திருக்கும் நோயாளி மாணவியிடம் கையை நீட்ட மாட்டார். "ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுங்க" என்பார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது.

மூன்றாவது வகைதான் ஆபத்து. கல்லூரி இருக்கும், ஆஸ்பத்திரி பெயருக்கு இருக்கும். கல்லூரியின் சொந்த மருத்துவமனையில் குறைந்தது 100 படுக்கை இருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் விதி. படுக்கை இருந்தால் போதுமா, நோயாளி வேண்டாமா? சேர்வதற்கு முன்னால் ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வார்டு நிரம்பியிருக்கிறதா, யூனிஃபார்மில் மாணவிகள் வேலை செய்கிறார்களா, சுவரோரம் நிற்கிறார்களா என்று பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். அப்புறம் அங்கே படிக்கும் மூன்றாம் வருட மாணவி யாரையாவது பிடித்து, "பிரசவக் கேஸ் எங்கே பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். மகப்பேறு பாடத்துக்கு மாணவி இத்தனை சுகப்பிரசவம் பார்த்தாள் என்று லாக் புக்கில், அதாவது பயிற்சிப் பதிவேட்டில், காட்ட வேண்டும். சிசேரியனே அதிகமாக நடக்கும் தனியார் இடத்தில் அந்தக் கணக்கு எப்படி நிரம்பும்? நல்ல கல்லூரிகள் முறையாக அனுமதி வாங்கி அரசு மருத்துவமனைக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்புகின்றன. மனநல வார்டுப் பயிற்சி (போஸ்டிங்) என்றால் பல ஊர்க் கல்லூரிகள் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனை வரை வருகின்றன. அதெல்லாம் குறையே இல்லை. எங்கேயும் அனுப்பாமல் லாக் புக் மட்டும் நிரம்பினால்தான் குறை.

வேலூர், ஜிப்மர், எய்ம்ஸ்

வேலூரில் சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் 1909இல் நர்சிங் பள்ளி ஆரம்பித்தார். 1946இல் அங்கே பட்டப்படிப்பு வந்தது. டெல்லியிலும் அதே வருடம்தான். நாட்டில் நர்சிங் பட்டம் தொடங்கியதே இந்த இரண்டு இடங்களில்தான். சி.எம்.சி.யின் தனிச்சிறப்பு என்று நான் சொல்வது, அங்கே பாடம் எடுப்பவர்களே வார்டையும் நடத்துகிறார்கள் என்பதை. வகுப்பில் ஒன்று, வார்டில் ஒன்று என்கிற பிளவு குறைவு. அங்கே தேர்வு கடினம், இடம் குறைவு. திருச்சபைகளின் பரிந்துரைப் பிரிவில் வருபவர்கள் படிப்பு முடிந்து மிஷன் மருத்துவமனையில் பணியாற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். அதைச் சுமையாக நினைப்பவர்கள் உண்டு. சின்ன ஊர் மிஷன் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி பார்த்தவர்களுக்கு வரும் துணிச்சலைப் பார்த்திருப்பதால் நான் அப்படி நினைப்பதில்லை.

எய்ம்ஸ் தேர்வு 100 கேள்வி, இரண்டு மணி நேரம். இயற்பியல், வேதியியல், உயிரியல் தலா 30, பொது அறிவு 10. பொதுப்பிரிவினர் பிளஸ் டூவில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். கட்டணம் பெயருக்குத்தான். மருத்துவமனையோ நாட்டிலேயே பெரியவற்றில் ஒன்று. இதில் யாரும் யோசிக்காத ஒன்று மொழி. ரிஷிகேஷ் எய்ம்ஸிலோ பாட்னா எய்ம்ஸிலோ நோயாளி இந்தியில்தான் பேசுவார். "எங்கே வலிக்குது, எப்போதிலிருந்து?" என்று கேட்கத் தெரியாமல் நர்சிங் இல்லை. நம்மூர்ப் பிள்ளைகள் ஒரு வருடத்துக்குள் பிடித்துக்கொள்கிறார்கள் என்றாலும் முதல் ஆறு மாதம் கஷ்டம். தமிழ்ப் பேச்சும் வேண்டும், மத்திய அரசு நிறுவனமும் வேண்டும் என்றால் ஜிப்மர்தான் பொருத்தம். எம்.பி.பி.எஸ்ஸுக்கு நீட் எழுதிக் கட்-ஆஃப் பற்றாமல் போனவர்கள் அந்த மதிப்பெண்ணை வீணாக்காமல் போட வேண்டிய முதல் விண்ணப்பமும் அதுதான்.

ராணுவம்

பெண்களுக்கு மட்டும், அதுவும் திருமணமாகாதவர், மணவிலக்குப் பெற்றவர், கணவரை இழந்தவர்களுக்கு. புனே, டெல்லி, மும்பை, கொல்கத்தா, லக்னோ, பெங்களூரு என ஆறு கல்லூரிகள், மொத்தம் 220 இடம். நீட் மதிப்பெண்ணில் வடிகட்டி, பிறகு பொது அறிவுத்திறன், ஆங்கிலத் தேர்வு, உளவியல் சோதனை, நேர்காணல், உடல் தகுதி என்று போகும். தங்குமிடம், சாப்பாடு, யூனிஃபார்ம் எல்லாம் அவர்கள் பொறுப்பு, உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் லெப்டினன்ட். வேலை தேடும் பேச்சே இல்லை என்பதால் வசதி இல்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பாதியில் விட்டால் பத்திரப்படி பணம் கட்ட வேண்டும், எந்த ஊருக்கு மாற்றினாலும் போக வேண்டும். இரண்டுக்கும் பெண்ணே தலையாட்ட வேண்டும். அப்பா தலையாட்டினால் போதாது.

டிப்ளமோ தாழ்ந்ததா?

ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ மூன்று வருடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளோடு இருக்கும் செவிலியர் பள்ளிகளில் இடம் கிடைத்தால் செலவு மிகக் குறைவு, வார்டு அதே பெரிய வார்டு. தமிழக அரசின் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) நடத்தும் தேர்வுக்குப் பட்டமும் டிப்ளமோவும் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒரே வேலைக்குப் போகிறார்கள். தொகுப்பூதியத்தில் சேர்ந்து நிரந்தரத்துக்குக் காத்திருக்கும் கஷ்டமும் இரண்டு பேருக்கும் பொது. வித்தியாசம் மத்திய அரசு வேலையில் தெரியும். நர்சிங் ஆபீசர் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வை பி.எஸ்சி முடித்தவர் பதிவு செய்த உடனே எழுதலாம். டிப்ளமோ முடித்தவருக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். அந்த வேலையின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய், படிகள் தனி. ஆசிரியர் வேலை, எம்.எஸ்சி என்று போகவும் டிப்ளமோக்காரர் இன்னும் இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படிக்க வேண்டும். இங்கிலாந்து போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் அவ்வளவு தடையில்லை. அங்கே ஆங்கிலத் தேர்வுதான் மலை.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் கடன் வாங்கிச் சுமாரான கல்லூரியில் பட்டமா, அரசு செவிலியர் பள்ளியில் டிப்ளமோவா என்று கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் டிப்ளமோவுக்கும் உண்டு.

பஸ்ஸின் பின்பக்கம் "ஒரே வருடத்தில் நர்ஸ்" என்று ஒட்டியிருப்பதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத படிப்பு நர்சிங் படிப்பு இல்லை.

சேர்ந்த பிறகு

முதல் செமஸ்டரில் உடற்கூறு, உடலியங்கியல், உளவியல் எல்லாம் ஆங்கிலத்தில் ஒரே நேரத்தில் வந்து விழும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் இன்டெர்னலில் தடுமாறுவார்கள். பதறத் தேவையில்லை. தியரியில் இன்டெர்னல் 25, பல்கலைக்கழகத் தேர்வு 75. ஏறி வர இடம் இருக்கிறது. வருகைப் பதிவில்தான் இரக்கம் கிடையாது. தேர்வு எழுத 80 சதவீதம் வேண்டும், பட்டம் வாங்குவதற்குள் வார்டுப் பயிற்சி நூற்றுக்கு நூறு முடித்திருக்க வேண்டும். விட்ட போஸ்டிங்கை லீவு நாளில் போய்ச் செய்து கழிக்க வேண்டும். கடைசி செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப், வாரம் 48 மணி நேரம்.

ரேங்க் வாங்கிச் சேர்ந்தவர்கள் எல்லோரும் வார்டில் ஜொலிப்பதில்லை. குடல்வால் அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பாட்டிக்கு கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) எழுதச் சொன்னால், "அறுவைக் காயத்தால் கடும் வலி" என்று புத்தகத்தைப் பார்த்து அழகாக எழுதி வருவார்கள். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று கேட்டாயா? இருமும்போது வயிற்றில் தலையணையை வைத்து அழுத்திக்கொள்ளச் சொன்னாயா?" என்று கேட்டால் முழிப்பார்கள். தமிழ் வழியில் வந்த பிள்ளை ஆங்கிலத்தில் தப்பும் தவறுமாக எழுதியிருப்பாள். ஆனால் அந்தப் பாட்டி ராத்திரி தூங்கவில்லை, மருமகள் வராததால் சாப்பிடவும் இல்லை என்பது வரை அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தை நாங்கள் திருத்திவிடலாம்.

ஆண் பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. ராணுவ நர்சிங் கிடையாது, டெல்லி எய்ம்ஸ் கிடையாது, அரசு செவிலியர் பள்ளி டிப்ளமோவும் பெண்களுக்குத்தான். நார்செட்டிலும் 80 சதவீத இடம் பெண்களுக்குப் போய்விடும். அவர்கள் மாநிலக் கலந்தாய்வையும் ஜிப்மரையும் முழுசாக நம்பித் தயாராவது நல்லது. கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்வு செய்யும்போது பெரிய ஐ.சி.யூ., டயாலிசிஸ், அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனையாகப் பார்த்து முன்னால் போடட்டும். மகப்பேறு வார்டில் ஆண் மாணவருக்குப் பல இடங்களில் கதவு பாதிதான் திறக்கும். ஐ.சி.யூ.வில் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கவும் வென்டிலேட்டர் பார்க்கவும் அவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு எடுக்கிறார்கள்.