வணிக நிருபராகவே இருப்பதா, நிறுவன அதிகாரியாவதா?

வணிகச் செய்தியில் பெயர் வாங்கியவர்களுக்கு, பெரும்பாலும் மக்கள் தொடர்பு அதிகாரியாக வரச்சொல்லி, நிறுவனங்களின் அழைப்பு எப்படியும் ஒரு நாள் வரும்.

சம்பளம்: நிறுவனத்தில் கூடுதல்; போனஸ், பங்குகள் தனி. இதில் பேச ஒன்றுமில்லை.

வேலை: காலாண்டு முடிவு வந்தால் நிருபர் லாபக் கணக்கைத் தாண்டி, அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும் கடனைத் தேடுவார். அதிகாரியோ, அந்தக் கடன் பற்றி வரப்போகும் கேள்விக்கு முந்தின ராத்திரியே பதில் எழுதி வைப்பார். சட்டப் பிரிவு அதில் பாதியை அடித்துவிடும்.

பெயர்: நிருபருக்குத் தன் பெயரிலேயே கட்டுரை. அதிகாரி எழுதியது தலைவரின் வாயிலிருந்து வரும்.

திரும்பி வருவது: கஷ்டம். வந்தாலும் பழைய முதலாளியைப் பற்றி எழுத விடமாட்டார்கள், அது நியாயமும்கூட.

போனால் மக்கள் தொடர்பு வேலைதான் என்றில்லை. டைம் இதழ் நிருபராக இருந்த மைக்கேல் மோரிட்ஸ் 1986-ல், புது நிறுவனங்களில் பணம் போடும் செக்கோயா கேப்பிடலில் சேர்ந்து முதலீட்டாளராகவே மாறினார். 1999-ல் கூகுளில் அந்நிறுவனம் போட்ட முதலீடு அவர் கைவண்ணம்.

தோண்டியெடுப்பதில்தான் சுகம் என்றால் இருந்துவிடுங்கள். முடிவெடுக்கும் அறைக்குள் உட்கார ஆசையா, தாராளமாகப் போகலாம். ஆனால் யாருக்குக் கீழே வேலை என்பதை முதலில் கேளுங்கள். தலைமை நிர்வாகியிடம் நேரடித் தொடர்பு இல்லையென்றால், பதவிப் பெயர் எவ்வளவு பெரிதானாலும் செய்திக்குறிப்பு எழுதும் வேலைதான்.