ஜிப்சம் போர்டு சுவரில் ஹீட்டர்: ஆங்கரா, ப்ளைவுட் பலகையா?

போன குளிர்காலத்தில் படுக்கையறைச் சுவரில் எட்டு கிலோ எடையுள்ள மின்சார ஹீட்டர் ஒன்றை மாட்டினேன். செங்கல் சுவர் இல்லை. உள்ளே மரச்சட்டம், அதன் மேல் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு. பல வழிகளை யோசித்துக் கடைசியில் ப்ளைவுட் பலகை வைத்துத்தான் மாட்டினேன். இன்றும் அதையே சொல்வேன்.

ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளச் சுவர்த் துளையில் செருகும் பிளாஸ்டிக் பிளக்கை முதலிலேயே கழித்துவிடலாம். கடிகாரம் மாட்ட அது சரி. சூடாகும் பொருளை அதை நம்பித் தொங்கவிட வேண்டாம். வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகும்.

நேராக மரச்சட்டத்தில் ஸ்க்ரூ இறக்குவதற்கு ஈடில்லை. ஆனால் சட்டங்கள் பெரும்பாலும் 400 அல்லது 600 மி.மீ. இடைவெளியில் நிற்கும். ஹீட்டரைத் தாங்கும் பிராக்கெட்டின் துளைகள் அதற்குப் பொருந்தி வருவது அபூர்வம். எனக்கு ஒரு பக்கம் சட்டத்தில் விழுந்தது, மறுபக்கம் வெறும் போர்டு.

ஆக, போட்டி உலோக ஆங்கருக்கும், சட்டங்களுக்குக் குறுக்கே ஸ்க்ரூ போட்டு இறுக்கி அதன் மேல் பிராக்கெட்டை மாட்டும் ப்ளைவுட் பலகைக்கும்தான். ஆங்கரைத் துளையில் நுழைத்து இறுக்கினால் பின்பக்கம் விரிந்து போர்டைக் கவ்விக்கொள்ளும். வேலை சீக்கிரம் முடியும், பார்க்கவும் சுத்தம். நேர் கீழாகத் தொங்கும் எடையை அது நன்றாகவே தாங்கும். ஒரு குழந்தை பிடித்து வெளிப்பக்கமாக இழுத்தால்தான் சிக்கல்; அப்போது முதலில் பிய்வது ஆங்கர் அல்ல, போர்டு.

என்னைத் தீர்மானிக்க வைத்தது பராமரிப்பு. ஹீட்டரின் பின்னால் தூசி சேரும்; அப்படியே விட்டால் அடுத்த முறை போடும்போது கருகல் வாடை அடிக்கும். அதனால் அவ்வப்போது கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றும் ஒவ்வொரு முறையும் பிராக்கெட் ஆட்டம் காணும். ஒருமுறை பொடிந்த ஜிப்சம் மறுபடி இறுகாது. ஆங்கர் துளைக்குள் சுழல ஆரம்பித்தால் ஸ்க்ரூவை இறுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. ஸ்பிரிங் இறக்கை வைத்த வகையோ, ஸ்க்ரூவை முழுதாக எடுத்ததும் சுவருக்குள் விழுந்துவிடும். ப்ளைவுட்டில் இந்தத் தொல்லை கிடையாது. துளை தளர்ந்தால் ஓர் அங்குலம் தள்ளி வேறு துளை போடலாம். நாளைக்கு வேறு அளவு ஹீட்டர் வந்தாலும் சுவரைத் தொட வேண்டியதில்லை. என்னுடையதை இதுவரை இரண்டு முறை கழற்றி மாட்டியாகிவிட்டது.

காந்தத்தைச் சுவரில் நகர்த்தினால் போர்டு ஸ்க்ரூக்கள் இருக்கும் வரிசையில் ஒட்டும், அங்கேதான் சட்டம். 18 மி.மீ. ப்ளைவுட்டை இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே வைத்தேன். பலகையும் போர்டும் சேர்ந்தே 30.5 மி.மீ. வருவதால் 70 மி.மீ. ஸ்க்ரூ போட்டேன். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, கீழே, பக்கவாட்டில் ஒயர் ஓடலாம், அங்கே துளையிடாதீர்கள். மெயினை அணைத்த பிறகே டிரில்லிங். ஒயர் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிட்டேன்.

ப்ளைவுட் எரியக்கூடிய பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. மரப்பரப்பில் மாட்டலாமா, சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஹீட்டரின் கையேட்டில் பார்த்துவிட்டே பலகை வாங்குங்கள். கூடாது என்று இருந்தால் இந்த வழி இல்லை. தகரச் சட்டம் உள்ள சுவரில் நான் வேலை செய்ததில்லை. நான் சொல்வதெல்லாம் மரச்சட்டத்துக்கு மட்டும்.

பிராக்கெட்டை மாட்டியதும் இரண்டு கையாலும் என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அதற்கப்புறம்தான் ஹீட்டரைத் தூக்கி வைத்தேன்.