ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட் 4.52 பெல்லட்: ஊட்டி உயரத்தில் புதிதாக ஏர் ரைபிள் எடுப்பவர்களுக்கு

பேப்பர் டார்கெட்டில் 10 மீட்டர் மட்டும் சுடப் போகிறவர்களுக்கு இந்த டப்பா தேவையில்லை. 20, 25 மீட்டர் தள்ளிச் சுட இடம் உள்ளவர்கள், 4.5 மி.மீ. ரைபிளுக்கு முதலில் வாங்கிப் பார்க்க வேண்டிய பெல்லட் (ஈயக் குண்டு) இதுதான்.

செக் குடியரசின் பொஹுமீன் நகரில் தயாராகிறது. டப்பாவுக்கு 500 பெல்லட், ஒவ்வொன்றும் 0.547 கிராம், அதாவது 8.44 கிரெய்ன். உருண்டைத் தலை, ஒடுங்கிய இடுப்பு, உள்ளே குடைந்த வால். உள்ளூர் பெல்லட்டைவிட விலை பல மடங்கு அதிகம். அந்த விலை எதற்கு என்றால், ஒரு பெல்லட்டும் அடுத்ததும் ஒரே மாதிரி இருப்பதற்கு.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, வீட்டிலேயே தோட்டா நிரப்பும் பிரஸ் இங்கே கிடைக்குமா என்று சிலர் விசாரிக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம். 4.5 மி.மீ.க்கு மேற்படாத துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இந்தப் பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் ஏறத்தாழ 11 ஜூல்; 270 மீட்டர் என்றால் 20 ஜூலைத் தொட்டுவிடும். அளவு பார்த்து, பிரித்து, சோதித்துச் சுடும் ஆசைக்கு பெல்லட்டிலேயே வேண்டிய வேலை இருக்கிறது.

முதல் வேலை தலை அளவு. இதே எடையில் தலை விட்டம் 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று தனித்தனி டப்பாக்கள் வருகின்றன. பேரலில் பெல்லட் போடும் பின்பக்க வாயில் அதை வைத்துக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால் லேசான எதிர்ப்போடு உட்கார வேண்டும். தானாக உள்ளே நழுவினால் அளவு சிறியது. நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் பெரியது. அப்படி அழுத்தும்போதே வால் நசுங்கிவிடும். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால், துப்பாக்கியில் காற்றோ ஸ்பிரிங் அழுத்தமோ இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துப்புரவுக் கம்பியால் ஒரு பெல்லட்டைப் பேரல் முழுக்கத் தள்ளி வெளியே எடுங்கள். தலையைச் சுற்றிலும் வாலைச் சுற்றிலும் பேரலின் உட்புறப் புரிக்கோடுகள் சீராகப் பதிந்திருக்க வேண்டும். வாலில் மட்டும் கோடு விழுந்து தலை வழவழவென்று இருந்தால், ஒரு அளவு மேலே போங்கள்.

அடுத்தது வால். கூரியரில் டப்பா அடிபட்டு வந்தால் முதலில் நசுங்குவது அந்த மெல்லிய விளிம்புதான். டப்பாவைக் குலுக்காமல், துணி விரித்த தட்டில் சாய்த்துக் கொட்டி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். சந்தேகமானதைக் கண்ணாடித் தகட்டில் உருட்டினால் தெரிந்துவிடும்: நல்லது ஒரே சீராக வளைந்து உருளும், நசுங்கியது தத்தளிக்கும். நசுங்கிய வால் வழியாகக் காற்று கசிகிறது, பெல்லட்டும் சாய்ந்து வெளியேறுகிறது. எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு குண்டு மட்டும் எங்கோ போய் விழுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

எடை பார்ப்பதில்தான் புதியவர்கள் வீணாகக் காசைக் கொட்டுகிறார்கள். 0.01 கிராம் காட்டும் தராசு இதற்குப் பயனே இல்லை, ஏனென்றால் ஒரே டப்பாவுக்குள் வித்தியாசமே சில மில்லிகிராம்தான். 0.001 கிராம் காட்டும் தராசு வேண்டும். அதுவும் ஜன்னலைச் சாத்திய அறையில், மலைக்காற்று தட்டில் படாமல். இவ்வளவு பாடுபட்டுக் கிடைக்கும் பலன் என்ன? 10 மில்லிகிராம் வித்தியாசம் என்றால் வேகம் ஏறத்தாழ 1 சதவீதம் மாறும். நொடிக்கு 200 மீட்டரில் அது 10 மீட்டர் தூரத்தில் கால் மி.மீ. ஏற்ற இறக்கம், 25 மீட்டரில்கூட 2 மி.மீ.க்குள். முதல் வருடத்தில் தராசு வாங்கவே வேண்டாம்.

உயரம் என்பது அலட்சியப்படுத்தக் கூடாத விஷயம். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் முக்கால் பங்குதான். ஸ்பிரிங் ரைபிள் சுற்றியுள்ள காற்றையே இழுத்து அழுத்துவதால், கோவையில் கொடுத்த வேகத்தை இங்கே கொடுக்காது. பிஸ்டனுக்கு முன்னால் மெத்தைபோல் நிற்கும் காற்றும் குறைவு, அதனால் பிஸ்டன் ஓட்டத்தின் முடிவில் மோதும் அதிர்வு கூடுகிறது. தளர்வான பெல்லட் போட்டால் அந்தச் சிறிது காற்றும் நிற்காமல் ஓடிவிடும். பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் தேயும். மலையில் இறுக்கமான அளவை வற்புறுத்துவது இதனால்தான். கீழே சரிசெய்த சைட்டை (குறிபார்க்கும் கருவியை) மேலே வந்ததும் மறுபடி சோதித்தே ஆக வேண்டும். காற்றை உருளையில் அடைத்துச் சுடும் பி.சி.பி. ரைபிளுக்கு இந்த வேக இழப்பு இல்லை.

பிறகு ஈரம். ஜூன் தொடங்கி ஐப்பசி மழை ஓயும்வரை திறந்து வைத்த டப்பாவில் ஈயம் மங்கி, வெள்ளைப் பொடி பூக்கும். மரப்பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம், மரத்திலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். பொடி பூத்த பெல்லட்டை ஊதித் துடைத்துச் சுட வேண்டாம், அந்தப் பொடி நஞ்சு. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்கும் பழக்கமும் மழை மாதங்களில் வேண்டாம். எண்ணெயைத் தாராளமாகப் பூசினால் ஸ்பிரிங் ரைபிளில் அது சூடேறித் தீப்பிடித்து, புகையும் சத்தமும் வரும், வேகமும் தாறுமாறாகும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டீ டம்ளரைத் தொடக் கூடாது.

புது பெல்லட்டுக்கு மாறினால் முதல் 20, 30 குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரல் பழக வேண்டும். ஸ்பிரிங் ரைபிளை இறுகப் பிடிக்காமல், மணல் பை மேல் வைத்த உள்ளங்கையில் அது தானாக உதைத்துக்கொள்ள விட வேண்டும். ஐந்தைந்தாக மூன்று முறை சுட்டு, ஓட்டைகளின் வெளி விளிம்பு தூரத்தில் 4.5 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள். 10 மீட்டரில் 10 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல ஜோடி. 20 மி.மீ. தாண்டினால் பெல்லட்டைக் குறை சொல்லும் முன் ரைபிளின் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களை முறுக்கிப் பாருங்கள். ஸ்பிரிங் அதிர்வில் அவைதான் முதலில் தளரும்.

இதன் உண்மையான குறை காகிதத்தில் தெரியும். உருண்டைத் தலை என்பதால் ஓட்டை கிழிந்து பிசிறடிக்கும், புள்ளி எண்ணுவது சிரமம். 10 மீட்டர் போட்டிப் பயிற்சிக்குத் தட்டைத் தலையுள்ள ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10 அல்லது எச் அண்ட் என் பினாலே மேட்ச் வாங்குங்கள். துளைக் கருவியால் வெட்டியதுபோல் சுத்தமான வட்டம் விழும். தூரம் கூடினால் தட்டைத் தலை வேகத்தைச் சீக்கிரம் இழக்கும், அங்கே எக்ஸாக்ட் முந்திவிடும்.

சுடும் திசை எப்போதும் மேட்டுப் பக்கத்து மண்சரிவை நோக்கியே இருக்கட்டும், பள்ளத்தாக்கை நோக்கி ஒருபோதும் வேண்டாம். இந்தப் பெல்லட் 300 மீட்டருக்கு மேலும் போகும், கீழ்ப்பாத்தியில் கொழுந்து பறிப்பவர்கள் தேயிலைக்குள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். கருமந்தியோ காட்டுமாடோ பறவையோ, எதன் மீதும் குறி வைக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனை உண்டு. பழந்துணி அடைத்த தடித்த பெட்டியைப் பின்னால் வைத்தால் ஈயமும் மண்ணில் சேராது, தெறிப்பும் இருக்காது. பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே சுடுங்கள்.

முதல் தடவை 4.51இல் ஒன்று, 4.52இல் ஒன்று என்று இரண்டு டப்பா போதும். எது உங்கள் பேரலுக்குப் பொருந்துகிறதோ, அதே அளவை அடுத்த முறை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம்.