விமானத்துக்கான தொற்றுத் தடுப்புச் சாமான்கள்: எது உழைக்கிறது, எது சும்மா கழுத்தில் தொங்குகிறது

எங்கோ ஒரு தொற்று பரவுகிறது என்று செய்தி வந்த கையோடு கடைகளில் ‘பயணப் பாதுகாப்புக் கிட்’ வந்து இறங்கிவிடும். ஒரு ஜிப் பைக்குள் நாலைந்து மாஸ்க், சானிடைசர், கிருமிநாசினி ஈரத்தாள், முகத்துக்கு முன்னால் மாட்டும் பிளாஸ்டிக் தகடு, கழுத்தில் தொங்கவிடும் காற்றுச் சுத்திகரிப்பான். விலை கூடிய கிட் என்றால் கார்பன் டை ஆக்சைடு மீட்டரும், விரலில் மாட்டி ரத்த ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிமீட்டரும் சேர்ந்திருக்கும். இவற்றில் எது விமானத்துக்குள் வேலை செய்யும் என்று சொல்ல, முதலில் அங்கே காற்று ஓடும் விதம் தெரிய வேண்டும்.

பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் காற்று, பலர் பயப்படுவதைவிட நல்ல காற்று. பெரும்பாலான பெரிய ஜெட் விமானங்களில் வெளிக்காற்றும், உள்ளிருந்தே எடுத்து ஹெப்பா ஃபில்டரில் வடிகட்டிய காற்றும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி கலந்து வருகின்றன. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தை ஹெப்பா பிடித்துவிடும். மணிக்கு 20 முதல் 30 தடவை கேபின் காற்று மாறுகிறது. தலைக்கு மேலே வெளிவரும் காற்று, அதே வரிசையின் தரையோரத்தில் உறிஞ்சப்படுகிறது. முன்பக்கமிருந்து பின்பக்கம் வரை ஓடுவது குறைவு. சிறிய விமானங்கள் சிலவற்றில் ஹெப்பா கிடையாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் அந்த ஃபில்டருக்கு ஒரு எல்லை உண்டு. பக்கத்து சீட்டுக்காரர் இருமிய காற்று, ஃபில்டருக்குப் போகும் வழியில் உங்கள் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் போகும். அந்த இரண்டடித் தூரத்தைக் காப்பது உங்கள் பொறுப்பு.

இந்த ஏற்பாடு எல்லாம் அது ஓடிக்கொண்டிருக்கும் வரைதான். 1977இல் அலாஸ்காவில் இயந்திரக் கோளாறால் ஒரு விமானம் தரையில் நின்றது; சுமார் 3 மணி நேரம் காற்றோட்டம் வேலை செய்யவில்லை. அதில் இருந்த 54 பேரில் 72 சதவீதம் பேருக்கு மூன்று நாளைக்குள் ஃப்ளூ வந்தது. 2020 செப்டம்பரில் துபாயிலிருந்து ஆக்லாந்து போன விமானத்தில் பயணிகளுக்கிடையே கோவிட் பரவியதை ஆராய்ந்தபோதும், வழியில் எரிபொருள் நிரப்ப நின்ற இடத்தில் தரையில் காற்றோட்டத்தை ஓட வைக்கும் துணை மின் இயந்திரம் சுமார் 30 நிமிடம் அணைந்திருந்தது தெரிந்தது. ஆகவே போர்டிங், கதவு மூடிய பிறகான காத்திருப்பு, இறங்குவதற்கான வரிசை, விமானத்துக்குக் கூட்டிப்போகும் பஸ் ஆகியவைதான் இந்தப் பயணத்தின் மோசமான பகுதிகள். 35,000 அடி உயரத்தில் பயந்துகொண்டிருந்துவிட்டு, தரை இறங்கியதும் மாஸ்க்கைக் கழற்றுபவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்.

சாமான் வாங்கும் முன் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எந்த நோய்? டெங்கு பரவும் ஊருக்குப் போகிறவருக்கு இந்தக் கிட்டில் ஒன்றுமே உதவாது. கொசு விரட்டிக் களிம்பு உதவும். தட்டம்மை என்றால் கிருமி காற்றில் 2 மணி நேரம் வரை தங்கும்; அதற்குச் சரியான சாமான் தடுப்பூசி, அதையும் புறப்பட இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் ஊசி போட்ட 10ஆம் நாளிலிருந்துதான் செல்லும். கடைசி நேரத்தில் ஓடினால் எல்லையில் திருப்பி அனுப்பப்படலாம். வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸிடம் ஆல்கஹால் சானிடைசர் அவ்வளவாகப் பலிக்காது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். ஃப்ளூ, கோவிட் போன்ற சுவாசத் தொற்றுகளுக்குத்தான் கீழே சொல்லும் பெரும்பாலானவை பொருந்தும்.

இரண்டாவது, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது? 180 பேர் ஏறும் விமானம் என்று வைத்துக்கொள்வோம். பத்தாயிரத்தில் ஒருவருக்குத் தொற்று இருக்கும் ஊரிலிருந்து அது புறப்பட்டால், உள்ளே தொற்றுள்ள ஒருவராவது இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆயிரத்தில் ஒருவர் என்றால் சுமார் 16 சதவீதம். நூற்றில் ஒருவர் என்றால் 84 சதவீதம்; அதாவது கட்டாயம் இருக்கிறார் என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் உங்களுக்கு அருகில் இருக்க வேண்டுமே. வரிசைக்கு ஆறு பேர் என்றால் உங்கள் வரிசை, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஆக உங்களைத் தவிர 29 பேர். நூற்றில் ஒருவர் நிலவரத்தில் அந்த 29 பேருக்குள் தொற்றுள்ளவர் இருக்கும் வாய்ப்பு 25 சதவீதம், ஆயிரத்தில் ஒருவர் நிலவரத்தில் 3 சதவீதம். இரண்டு வரிசை என்பதும் கல்லில் செதுக்கிய கோடு இல்லை. 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன விமானத்தில் ஒரு சார்ஸ் நோயாளியிடமிருந்து ஏழு வரிசை தள்ளி இருந்தவருக்கும் தொற்றியது. பறந்த நேரம் வெறும் 3 மணி. நேரடி விமானமா, இடையில் மாறும் விமானமா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் யோசிக்காமல் நேரடியை எடுங்கள்: போர்டிங் ஒரு தடவை, வரிசை ஒரு தடவை.

இனி சாமான்கள். முழுக் காசையும் ஒரே பொருளில் போடுவதானால் அது மாஸ்க். அதிலும் சரியான மாஸ்க். என்95 என்றால் தலையைச் சுற்றி இரண்டு பட்டை இருக்கும், முன்பக்கம் ‘டிசி-84ஏ’ என்று தொடங்கும் அங்கீகார எண் அச்சிட்டிருக்கும். காதில் மாட்டும் வளையத்தோடு ‘அங்கீகரித்த என்95’ என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். ஐரோப்பியத் தரமான எஃப்எஃப்பி2வில் இஎன் 149 என்ற குறியும், சிஇ முத்திரைக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணும் தேடுங்கள். கொரியத் தரமான கேஎஃப்94 காது வளைய மாஸ்க்கில் வசதி அதிகம், கன்னத்தோரம் கசிவும் அதிகம். இரண்டு வளையத்தையும் பின்தலையில் இணைக்கும் ஒரு சின்னக் கொக்கி போட்டால் நிலைமை நன்றாகவே மாறும். சர்ஜிகல் மாஸ்க் நம் வாயிலிருந்து போவதைக் குறைக்கும். பக்கவாட்டில் திறந்து கிடக்கும் இடைவெளியால், உள்ளே வருவதைத் தடுப்பதில் பலவீனம். மூச்சை வெளிவிட வால்வு வைத்த மாஸ்க் உங்களைக் காக்கும், பக்கத்தில் இருப்பவரைக் காக்காது; கோவிட் காலத்தில் பல விமான நிறுவனங்கள் அதைப் போட்டுக்கொண்டு ஏற விடவில்லை.

மாஸ்க் தோற்பது பெரும்பாலும் துணியில் அல்ல, விளிம்பில். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் நடுவில் கூராக நின்று இருபுறமும் ஓட்டை விழும். இரண்டு கை விரல்களால் நடுவிலிருந்து கன்னம் வரை அழுத்திக்கொண்டே போக வேண்டும். பிறகு இரு உள்ளங்கையாலும் மாஸ்க்கை மூடி, பலமாக மூச்சு விடுங்கள். கண்ணில் காற்று பட்டாலோ, கண்ணாடியில் ஆவி படிந்தாலோ மேலே கசிகிறது. தாடி இருந்தால் இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம். அடர்ந்த தாடிக்கு மேல் எந்த விலை மாஸ்க்கும் சல்லடைதான். இன்னொரு வழக்கமான தவறு, மாஸ்க் மேல் சானிடைசர் தெளிப்பது. உள்ளே இருக்கும் வடிகட்டும் அடுக்கு நிலைமின்னூட்டத்தால் துகளை இழுத்துப் பிடிக்கிறது. ஆல்கஹாலும் சோப்புத் தண்ணீரும் அந்த மின்னூட்டத்தைப் போக்கிவிடும். பார்க்கப் புதிது போலவே இருக்கும், வேலை மட்டும் செய்யாது.

பத்து மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு ஆளுக்கு மூன்று வைத்துக்கொள்ளுங்கள்: ஈரமானாலோ பட்டை தளர்ந்தாலோ மாற்றுவதற்கு. கேபினில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். மாஸ்க்குக்குள் நம் மூச்சின் ஈரம் தங்குவதால் மூக்கு காய்வது குறையும். இது யாரும் விளம்பரத்தில் சொல்லாத கூடுதல் பயன். அடையாளச் சோதனையில் முகத்தைக் காட்டச் சொன்னால் மூச்சை உள்ளிழுத்து நிறுத்தி, இறக்கிக் காட்டி, ஏற்றிவிட்டு மூச்சு விடுங்கள். ஐந்து விநாடி வேலை. சாப்பாடு வரும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் மாஸ்க்கைக் கழற்றுவார்கள். அந்த இருபது நிமிடம் நீங்கள் பொத்திக்கொண்டு இருங்கள், பக்கத்துச் சீட்டுக்காரர் முடித்து மாஸ்க் போட்ட பிறகு சாப்பிடுங்கள். சூடு ஆறித்தான் போகும்.

மற்றவர்கள் விட்ட மூச்சு காற்றில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று காட்டும் கார்பன் டை ஆக்சைடு மீட்டர் ரசமான பொருள், ஆனால் விமானத்தில் ஏமாற்றும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு) காட்டும். பறக்கும்போது ஆயிரத்துக்கு மேல் போவது சாதாரணம், போர்டிங் நேரத்தில் 2000ஐத் தாண்டுவதும் உண்டு. ஹெப்பா கிருமியைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதனால் ஒரு மூடிய அறையில் 1500 என்பதும் பறக்கும் விமானத்தில் 1500 என்பதும் ஒரே ஆபத்து அல்ல. தவிர, கேபின் அழுத்தம் 8000 அடி மலை உயரத்துக்குச் சமமாக இறங்கலாம், அதாவது கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு. அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளாத மீட்டர் உண்மையான 1500ஐ 1100 சொச்சம் என்று காட்டும். மலிவான பல மீட்டர்கள் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே இல்லை, வேறு ஆவிகளை மோப்பம் பிடித்து ஊகிக்கின்றன. சானிடைசர் பாட்டிலைப் பக்கத்தில் திறந்து பாருங்கள்: எண் தாவிக் குதித்தால் அது போலி. அகச்சிவப்பு சென்சார் உள்ள நல்ல மீட்டரின் உண்மையான பயன் ஒன்றுதான், தரையில் நிற்கும்போது காற்றோட்டம் நின்றுவிட்டதைக் காட்டுவது. அதைத் தலைக்கு மேலே உள்ள காற்றுக் குழாயில் கையை வைத்தே தெரிந்துகொள்ளலாம், காசு இல்லாமல். காற்று வரவில்லை, வழக்கமான ‘உஸ்’ சத்தமும் இல்லை என்றால் பணிப்பெண்ணிடம் சொல்லிக் கேளுங்கள், மாஸ்க் விளிம்பை மறுபடி சரிபாருங்கள். குழாயில் காற்று வரும்போது அதை மூட வேண்டாம். வருவது சுத்தமான காற்று. மிதமாகத் திறந்து, முகத்துக்குச் சற்று முன்னால் மடியை நோக்கி விழும்படி திருப்பி வைத்தால் போதும்.

கழுத்தில் தொங்கும் அயனிக் காற்றுச் சுத்திகரிப்பான் வேண்டாம். பெட்டியில் எழுதியிருக்கும் ‘99.9 சதவீதம்’ மூடிய சிறு பெட்டிக்குள் எடுத்த கணக்காக இருக்கும். சில நிமிடத்துக்கு ஒரு முறை மாறும் கேபின் காற்றில் அதற்கு நேரமே கிடைக்காது. சில வகைகள் ஓசோனையும் கக்கும். குளோரின் டை ஆக்சைடு கசியும் கழுத்து அட்டைகள் இன்னும் மோசம், அந்த வாயு மூச்சுக்குழாயை உறுத்தும். 2020இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்படிப்பட்ட பதிவு செய்யாத அட்டைகள் இறக்குமதியாவதைத் தடுத்தது. பிளாஸ்டிக் தகடு தும்மல் துளியை நிறுத்தும், காற்றில் மிதப்பதை நிறுத்தாது. மாஸ்க் இல்லாமல் தகடு மட்டும் போட்டவரைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கதவைத் திறந்து வைத்த வீடுதான் நினைவுக்கு வரும்.

ஈரத்தாள் வாங்கலாம், அளவோடு. சுவாசத் தொற்றுகளில் பரப்பு வழியாகப் பரவுவது சிறு பங்கு. டிரே, கைப்பிடி, பெல்ட் கொக்கி, திரை, இவ்வளவு போதும். லேபிளில் ‘பரப்பு இத்தனை நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும்’ என்று போட்டிருக்கும். பலர் துடைத்த கையோடு டிஷ்யூவால் உலர்த்திவிடுவதால் பாதிப் பயன் போய்விடுகிறது. சானிடைசர் 60 சதவீதத்துக்குக் குறையாத ஆல்கஹால், 100 மில்லிக்கு மேற்படாத பாட்டில்.

ஆக்ஸிமீட்டரை ஆரோக்கியமானவர் வாங்க வேண்டியதில்லை. 8000 அடிக்குச் சமமான அழுத்தத்தில் அவருக்கே ரத்த ஆக்ஸிஜன் 90 சொச்சத்துக்கு இறங்கலாம், பார்த்துவிட்டு வீணாகப் பதறுவார். நுரையீரல் நோய் உள்ளவருக்கும், நிமோனியாவிலிருந்து இப்போதுதான் எழுந்தவருக்கும் அது உண்மையான கருவி. ஆனால் பார்க்க வேண்டியது தரையில், புறப்படும் முன்: ஓய்வில் 95க்குக் கீழே காட்டினால் டிக்கெட்டுக்கு முன் மருத்துவர். 92க்கும் கீழே என்றால் விமானத்தில் தனி ஆக்ஸிஜன் தேவைப்படலாம். அதை முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

சீட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில், ஜன்னல் சீட் நல்ல பேரம். நடைபாதையில் போகிறவர் வருகிறவர் உரசல் குறைவு, நீங்களும் எழுந்து நடமாட மாட்டீர்கள். பிசினஸ் வகுப்பு வேறு காரணங்களுக்காக வாங்குங்கள். 2020 மார்ச் 1 லண்டனிலிருந்து ஹனோய் போன பத்து மணி நேர விமானத்தில் இருமலோடு ஏறிய ஒருவரிடமிருந்து தொற்றியவர்களில் 12 பேர் அதே பிசினஸ் வகுப்பில், அகன்ற சீட்டில் அமர்ந்திருந்தவர்கள். ‘முதலில் ஏறும்’ சலுகை தொற்றுக் காலத்தில் காசு கொடுத்துக் கூடுதலாக அரைமணி நேரம் மோசமான காற்றில் உட்காருவது. கடைசியாக ஏறுங்கள், தலைக்கு மேலே பெட்டி வைக்க இடம் கிடைக்காமல் போனாலும் சிரமம் இல்லாதபடி சிறிய பை எடுங்கள். வாசலில் காய்ச்சல் பார்க்கும் வெப்பக் கேமராவை நம்பி எதையும் தளர்த்த வேண்டாம்: அறிகுறி வராதவரையும் மாத்திரை போட்டவரையும் அது பிடிக்காது. தேதி மாற்ற அனுமதிக்கும் டிக்கெட் விலை கூடுதல்தான். ஆனால் உங்களுக்கே காய்ச்சல் வந்தால் ஏறாமல் இருக்க வைப்பது அந்த வசதிதான்.

தரை இறங்கி பெல்ட் விளக்கு ‘டிங்’ என்றதும் எல்லோரும் எழுந்து நடைபாதையில் நெருக்கி நிற்பார்கள். அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்தே இருங்கள், முன் வரிசை நகர்ந்த பிறகு எழுந்தால் போதும். மாஸ்க்கைக் கழற்றும் இடம் பெட்டிகள் சுற்றும் கூடமும் இல்லை, வெளியேறும் கதவுக்கு அப்பால், காற்று முகத்தில் படும் இடம்.