கொம்பு போடத் தெரியாத மேப் மென்பொருள்: மூன்று வருட அனுபவம்

கற்பனை உலகங்களுக்கு மேப் வரைய நான் பயன்படுத்தும் மென்பொருள் போன வாரம் பாதி விலைக்கு வந்தது. வந்த அன்றே, சனிக்கிழமைகளில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கற்பனைக் கதை ஆட்டம் ஆடும் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: “அண்ணே, நீங்க மூனு வருசமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?” புலனத்தில் இரண்டு வரியில் பதில் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னென்ன வசதி, எந்தக் கணினியில் ஓடும் என்பதெல்லாம் அவர்கள் அகப்பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை காசு கட்டினால் போதும், சந்தா கிடையாது, இணையம் இல்லாமலும் ஓடும். சரி.

நிலம் வரைவதில் இதற்கு நான் குறையே சொல்ல மாட்டேன். மவுஸை இழுத்தால் கடற்கரை தானாக நெளிகிறது. ஆறு மேட்டில் நூல் மாதிரி தொடங்கி இறங்க இறங்க அகலமாகிறது. ஆறு வரையவே எனக்கு இதில்தான் கைவந்தது. முதல் மேப்பில் ஒரு ஆற்றை இந்தக் கடலிலிருந்து அந்தக் கடல் வரை இழுத்து வைத்திருந்தேன். ஆட்டத்தின் நடுவில் ஒருவர், “இது எந்தப் பக்கம் ஓடுது?” என்று கேட்டார், எனக்குப் பதில் இல்லை. ஆறுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே இறங்கும், நடுவழியில் பிரிந்து ஆளுக்கொரு கடலுக்குப் போவதில்லை. கிளை பிரிவதெல்லாம் பெரும்பாலும் கழிமுகத்தில்தான். ஏரிக்குள் எத்தனை ஓடை வந்தாலும் வெளியே போகும் வழி அநேகமாக ஒன்றே ஒன்று. மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவன் நான், பிளஸ் ஆறு பேராக் ஆற்றில் போய்ச் சேர்வது தெரியும். தெரிந்ததை மேப்பில் போடத்தான் நாளானது.

அளவு விஷயத்தில் எங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வந்ததிலிருந்து இந்த ஆட்டங்களில் தூரத்துக்கு மைல் கணக்குதான் அதிகம். அதன் ஐந்தாம் பதிப்பின்படி சாதாரண நடையில் ஒரு நாளைக்கு 24 மைல். பலரும் ஓர் அறுகோணக் கட்டத்துக்கு 6 மைல் வைப்பதால், நாளுக்கு நான்கு கட்டம் நடக்கலாம். எங்கள் பக்கம் பெரியவர்கள் மைலை இன்றும் கட்டை என்றுதான் சொல்கிறார்கள். அதனால் என் உலகத்தில் கிலோமீட்டரும் கிடையாது, மைலும் கிடையாது. ஓர் அறுகோணம் ஆறு கட்டை. ஊர்ப் பெயர்களும் அப்படித்தான்: ஏழாங்கட்டை, பங்களாமேடு, சேறோடை, கொடிக்கால் கோட்டை.

மென்பொருளோடு வரும் மலைகள் எல்லாம் கூர்நுனி, உச்சியில் பனி. ஈப்போ பக்கம் நாம் பார்ப்பது வேறு மலை. சுண்ணாம்புக்கல், சமதரையிலிருந்து சுவர் மாதிரி எழும்பி நிற்கும், தலையில் காடு, அடியில் குகை. கல்லுமலைக் கோயிலுக்குப் பின்னால் நிற்கிறதே, அந்த மாதிரி. நல்ல வேளையாக, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக நாமே வரைந்து போட்டால் ஏற்றுக்கொள்கிறது. பன்னிரண்டு கல்மலை, நிரை பிடித்த பால்மரம் (ரப்பர்), செம்பனை, ஒரு லயம் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை), மரத்தடி முனீஸ்வரர் மேடை எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். இந்த மூன்று வருடத்தில் எனக்கு அதிக சந்தோஷம் கொடுத்த வேலை அது.

இனி எழுத்து. ‘கொடிக்கால்’ என்று அடித்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வர வேண்டும். இதில் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. ‘கு’, ‘மு’ எல்லாம் உடைந்து உகரக் குறி தனியாகத் தொங்குகிறது. யூனிகோடில் மெய்யை முதலில் சேமித்து, உயிர்க்குறியை அடுத்துச் சேமிக்கிறார்கள். கொம்பை எடுத்து முன்னால் வைப்பது எழுத்தை வரையும் நிரலின் பொறுப்பு. அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நிரல் இலவசமாகவே கிடைக்கிறது, குரோமும் ஃபயர்பாக்ஸும் ஆண்டிராய்டும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. இவர்களுக்கு இரண்டு முறை எழுதிவிட்டேன். கவனத்தில் வைத்திருப்பதாகப் பதில் வந்தது. ஒவ்வொரு மேம்படுத்தல் வந்ததும் நான் முதலில் ‘தோ’ என்று அடித்துப் பார்ப்பேன். போன வாரமும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. சின்னக் குழு, கையில் ஆயிரம் வேலை இருக்கும், அரபிக்கும் இந்திக்கும் இதே கதிதான், எல்லாம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் மூன்று வருடம்.

முதல் இரண்டு வருடம் பெயர் இல்லாத மேப்பை ஏற்றுமதி செய்து, இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் தமிழை எழுதினேன். அங்கே எழுத்து ஒழுங்காக வருகிறது. மேப் படத்தை உள்ளே பதிக்காமல் இணைப்பாக மட்டும் வைத்து, ஒவ்வொரு முறையும் அதே கோப்புப் பெயரில், அதே அளவில் ஏற்றுமதி செய்தால் மேல் அடுக்கில் உள்ள பெயர்கள் இடம் மாறாது. இதைக் கண்டுபிடிக்கும் முன்னால் நாற்பது ஊரை மூன்று தடவை நகர்த்தியிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போகலாமே என்று குழுவிலேயே கேட்டார்கள். என் அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். ஆங்கிலப் பெயர் போட்ட முதல் மேப்பைப் பார்த்துவிட்டு, “நல்லாருக்குப்பா” என்று மடித்து வைத்துவிட்டார். தமிழில் அச்சடித்ததை மேசையில் விரித்தபோது கண்ணாடியை எடுத்து வந்து, விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். “ஏழாங்கட்டைக்கும் பங்களாமேட்டுக்கும் நடுவுல ஆறு ஓடுதே, பாலம் எங்க? பெரட்டுக்கு எப்படிப் போவாங்க?” என்று கேட்டார். பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடம். அன்று இரவே பாலம் போட்டேன். அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முழுக்க அந்தப் பாலத்தில்தான் நடந்தது.

அப்புறம் அச்சுக்கடைக்காரர் ஒரு வழி சொன்னார்: “பாமினி போட்டுப் பாருங்க.” கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் பழைய எழுத்துரு. அதில் கொம்பும் ஒரு தனி எழுத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் மென்பொருள் எதையும் அடுக்க வேண்டியதில்லை. போட்டேன், வந்துவிட்டது. ஆற்றின் வளைவோடு வளைத்து எழுதினாலும் உடையவில்லை. ஆனால் பெயர்ப் பட்டியலைத் திறந்தால் எல்லாம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாக நிற்கிறது. ஒரு ஊரைத் தேடவும் முடியாது, பிழை திருத்தவும் கண்ணுக்குத் தெரியாது.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1985-இல் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைக் கொண்டுவந்த நாடு இது. கணினியில் தமிழ் என்பது நம் வீட்டு விஷயம். அந்த நாட்டில் உட்கார்ந்துகொண்டு, காசு கொடுத்து வாங்கிய ஒன்றுக்காக யூனிகோடுக்கு முந்திய காலத்துக்குத் திரும்பிப் போய் என் ஊர்ப் பெயரை எழுத வேண்டியிருக்கிறது.

ஆகவே தம்பி, பாதி விலை என்றாலும் வாங்காதே. மேலே இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்பாய். நான் அடுத்த மேப்பையும் இதில்தான் வரைவேன், கை பழகிவிட்டது. நீ புதிதாகத் தொடங்குகிறாய். அஸ்காரின் மேப் உருவாக்கி இலவசம், உலாவியிலேயே ஓடுகிறது, அதனால் தமிழும் ஒழுங்காக வரும். கண்டம், நாடு, ஆறு எல்லாம் அதில் போடு. ஒரு ஊரை மட்டும் பெரிதாக வரைய அது தோதுப்படாது, அதற்கு இங்க்ஸ்கேப் போதும். மிச்சமாகும் காசை ஏ2 அச்சுக்கு வைத்துக்கொள். என் கல்மலையும் பால்மரமும் கோப்புறையோடு தருகிறேன், சனிக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடு.