ஜாவாவா, டாட்நெட்டா: இரண்டிலும் நெடுநாள் உழைத்தபின் எழுதுவது

நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்புவோர் பலர் முதலில் வந்து நிற்கும் இடம், ஜாவா படிப்பதா, மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தைப் படிப்பதா என்ற கேள்விதான். இரண்டிலும் மாறி மாறிப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மொழியின் இலக்கணத்தை ஒப்பிட்டு இதற்கு விடை தேடுவது வீண். டாட்நெட்டின் முதன்மை மொழியான சி ஷார்ப் நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு ஜாவா நிரலைப் படிப்பதில் பெரிய சிரமம் இருக்காது. பார்க்க வேண்டியது, ஒரு தளம் தன் பழைய நிரல்களை எப்படி நடத்துகிறது என்பதைத்தான். ஏனெனில் வேலையில் சேர்ந்ததும் பெரும்பாலும் நம் கைக்கு வருவது, யாரோ எழுதி, வேறு யாரோ திருத்தி, இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய மென்பொருள்.

டாட்நெட் 2002இல் விண்டோஸுக்கு மட்டுமான தளமாக வந்தது. 2016இல் டாட்நெட் கோர் என்ற பெயரில் ஏறக்குறைய புதிதாகவே எழுதப்பட்டு, லினக்ஸிலும் மேக்கிலும் ஓடத் தொடங்கியது. 2020இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து ‘கோர்’ என்ற ஒட்டு நீங்கியது. இந்த மாற்றத்தில், இணையப் பக்கங்களை எழுதும் பழைய முறையான வெப் ஃபார்ம்ஸ் அப்படியே கைவிடப்பட்டது. அதில் எழுதிய பக்கங்களைப் புதிய தளத்துக்குக் கொண்டுவருவது என்றால் முகப்பு அடுக்கை முழுவதும் திரும்ப எழுதுவது என்றே பொருள். நிறுவனங்கள் பல இன்றும் பழைய விண்டோஸ் தளத்தின் 4.8ஆம் பதிப்பிலேயே தங்கியிருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆகவே வேலை விளம்பரத்தில் டாட்நெட் என்று மட்டும் இருந்தால், எந்தப் பதிப்பு என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுவது நல்லது, 4.8 என்று பதில் வந்தால் அது கிட்டத்தட்ட வேறு ஒரு வேலை. அந்தக் கரையைத் தாண்டியவர்களுக்கோ நிலைமை மிகவும் இதமானது. ஆண்டுதோறும் நவம்பரில் புதிய பதிப்பு வருகிறது. இரட்டைப்படை எண் கொண்டவற்றுக்கு மூன்றாண்டு ஆதரவு உண்டு. புராஜெக்ட் கோப்பில் ஓர் எண்ணை மாற்றி, நியூகெட் வழியே வரும் பிறர் எழுதிய பேக்கேஜ்களைப் புதுப்பித்து, டெஸ்டுகளை ஓட்டிப் பார்ப்பதோடு மேம்படுத்தும் வேலை முடிந்துவிட்ட சந்தர்ப்பங்கள் என் அனுபவத்தில் நிறைய.

ஜாவா இப்படி ஒரே வெட்டாக வெட்டியதில்லை. அது தரும் வலி தவணை முறையில் வரும். 2014இல் வெளியான ஜாவா 8 இன்னும் எத்தனையோ சர்வர்களில் ஓடுகிறது, ஏனெனில் 2017இல் வந்த ஒன்பதாம் பதிப்பின் மாட்யூல் அமைப்பு, ஜாவாவின் உள் வகுப்புகளை நேரடியாகத் தொட்டுப் பழகிய லைப்ரரிகளைத் தடுமாற வைத்தது. அதைவிட எனக்கு அதிக நேரம் பிடித்தது, ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய பேக்கேஜ் பெயர்கள் ஜகார்த்தா ஆன மாற்றம். ஆரக்கிள், பெருநிறுவன மென்பொருளுக்கான ஜாவா ஈஈ பகுதியை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தபோது பழைய பெயரில் மேற்கொண்டு வளர்க்கும் உரிமை கிடைக்காததால் பேக்கேஜ் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. ஜாவாவில் சர்வர் மென்பொருள் எழுதப் பரவலாகப் பயன்படும் ஸ்பிரிங் பூட்டின், 2022இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்தப் புதிய பெயர்களையும் ஜாவா 17ஐயும் கட்டாயமாக்கியது. எல்லாக் கோப்புகளிலும் ஒரே வீச்சில் தேடி மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ஜாவாஎக்ஸ் எஸ்கியூஎல் போன்றவை ஜேடிகே என்ற அடிப்படை ஜாவா தொகுப்பின் பகுதி. அவற்றின் பெயர் மாறவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் டேட்டாபேஸ் இணைப்பு எழுதிய கோப்புகள் கம்பைல் ஆகாது. அது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். பழைய பெயரையே நம்பியிருக்கும் ஒரு ஜார் கோப்பு (கம்பைல் செய்து தொகுத்த லைப்ரரி) மட்டும் எங்கோ ஒளிந்திருந்தால், கம்பைல் எல்லாம் சுத்தமாக முடிந்து, ஓடும்போது வகுப்பைக் காணோம் என்று வந்து விழும். அதைத் தேடிப் பிடிக்க மேவன் என்ற பில்ட் கருவி காட்டும், எந்த லைப்ரரி எதை நம்பியிருக்கிறது என்ற சார்புப் பட்டியலைப் பொறுமையாக வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கையாளும் விதத்திலும் இரண்டின் குணம் தெரியும். சி ஷார்ப் 2012இலேயே, ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போது த்ரெட்டை வேறு வேலைக்கு விடும் அசிங்க், அவெய்ட் என்ற சொற்களைக் கொண்டுவந்தது. எழுத எளிது, ஆனால் ஒரு செயற்கூறு அசிங்க் ஆனால் அதை அழைப்பவையும் ஒவ்வொன்றாக ஆக வேண்டும். ஜாவா வெகுகாலம் காத்திருந்து, 2023இல் இருபத்தொன்றாம் பதிப்பில், ஆயிரக்கணக்கில் உருவாக்கினாலும் சுமையாகாத விர்ச்சுவல் த்ரெட் தந்தது. பழைய பாணியில் காத்திருக்கும் நிரல் பெரும்பாலும் அப்படியே இருக்கலாம். பழைய நிரலைப் பராமரிப்பவனாக எனக்கு ஜாவாவின் வழியே பிடிக்கிறது.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: டாட்நெட்டுக்கான விஷுவல் ஸ்டூடியோவின் டீபக்கரும் (பிழை தேடும் கருவி) ஜாவாவுக்கான இன்டெல்லிஜேயின் நிரல் சீரமைப்பு வசதிகளும் அருமையானவை. உரிமம் ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ஆரக்கிளின் ஜேடிகேயை வணிகத்தில் பயன்படுத்தும் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறியுள்ளதால், பலர் டெமுரின் போன்ற, திறமூலமான ஓப்பன்ஜேடிகே வெளியீடுகளையே எடுக்கின்றனர்.

எதையும் படிக்காத ஒருவர் இன்று என்னைக் கேட்டால், தான் சேர விரும்பும் நிறுவனங்களில் எது ஓடுகிறதோ அதையே எடுக்கச் சொல்வேன். இரண்டும் ஓடுகின்றன என்றால், ஒவ்வொன்றிலும் ஒரு பழைய திறமூலத் திட்டத்தைப் பதிவிறக்கி, அதைத் தற்போதைய நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு உயர்த்திப் பார்க்கட்டும். வரும் பிழைச் செய்திகளில் எதைப் படித்துப் புரிந்துகொள்வது அவருக்குச் சலிப்பில்லாமல் இருக்கிறதோ, அந்தத் தளத்தில் அவர் நிலைப்பார். சலிப்பு இரண்டிலும் ஒன்றே என்றால் நான் ஜாவா என்பேன், விர்ச்சுவல் த்ரெட்டுக்காக.